பூஜ்யம்

டாச்சிங்கில் தரை என்பது
வீட்டு வாசலில் தொடங்கி வானம் முட்டும்வரை போவது.
அங்கிருந்துதான் வந்தார்கள் பெய்வென்னும் ஷெங்யானும்
இரண்டு பிள்ளைகளும் ஐந்து பெட்டிகளும்.
ஒரு பெட்டி முழுக்கத் தின்பண்டம்,
சோங்சிங்கில் சோறே கிடைக்காது என்பதுபோல.

மூன்று நாளுக்குப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன்,
நேரத்தோடு, வழியோடு, கழிப்பறைகள் இருக்கும் இடத்தோடு.

முதல் நாள், கட்டடத்துக்குள் நுழையும் ரயில்.
கீழே சாலையோரம் நூறு பேர்
வாயைப் பிளந்து நிற்கிறார்கள்,
ரயிலை விழுங்குவதாய்ப் படம் எடுக்க.
பெய்வென்னும் பிளந்தான். அடைத்த பல் இரண்டு தெரிந்தது.
எட்டு வயது ரோங்ரோங் பிளக்கவில்லை.
"அந்த வீட்டுக்காரங்க வீட்டுக்குப் போக
டிக்கெட் எடுக்கணுமா?"
தெரியவில்லை.
தினம் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன்.

மதியம், மேசை நடுவே கொதிக்கும் சட்டி.
தடுப்பு வைத்ததாகக் கேட்டேன்,
பாதி காரம், பாதி வெறும் எலும்புச்சாறு.
பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்,
உள்ளூர் ஆளா நீ என்று.
காரப் பக்கத்திலிருந்து
ஒரே ஒரு தாமரைக்கிழங்குத் துண்டு தின்றாள் ரோங்ரோங்.
"என் நாக்கு தூங்கிப்போச்சு" என்றாள்.
எழுப்ப மூன்று குவளை சோயாப்பால் ஆனது.

இரண்டாம் நாள், யாங்சி ஆற்றின் மேல் கேபிள் கார்.
ஒன்றரை மணி நேர வரிசை.
"இதில் அடிக்கடி போவாயா?" ஷெங்யான் கேட்டாள்.
"ம்" என்றேன்.
பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.
பெட்டி கரையை விட்டு நழுவியதும்
வந்ததிலிருந்து போனைவிட்டுத் தலை நிமிராத பெரியவன் ஹாவ்சென்
நிமிர்ந்தான். என் கையைப் பார்த்தான்.
கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.
ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்சம் நகர்ந்து
ஆறு தெரியாதபடி எனக்கு முன்னால் நின்றுகொண்டான்.

மூன்றாம் நாள், அந்தச் சதுக்கம்.
லிஃப்ட் ஏறவில்லை, படி ஏறவில்லை,
சாலையிலிருந்து நேராக நடந்து வருகிறோம்,
கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தால்
இருபத்திரண்டாவது மாடியில் நிற்கிறோம்.
பட்டியலில் இதற்குப் பக்கத்தில்
"வியப்பார்கள்" என்று எழுதியிருந்தேன்.
ரோங்ரோங் கவலைப்பட்டாள்.
"அப்போ தரை எங்கே இருக்கு?"

பட்டியலை மடித்தேன்.

லிஃப்டில் கடைசிப் பொத்தான்.
வெளியே ஒரு சாலை, பேருந்து, ஆரஞ்சு விற்பவள்.
"இதுவா?"
அதற்கும் கீழே வண்டிகள் ஓடும் சத்தம்.
இறங்கினோம். பாசி பிடித்த படி,
யாரோ போர்வை காயப்போட்ட படி,
பெய்வென்னின் முழங்கால் படிக்கொரு தடவை முனக,
அவன் காலரைப் பின்னாலிருந்து பிடித்தபடி ஷெங்யான்.
இன்னொரு சாலை. பிறகு சரளை. பிறகு ஆறு.

அந்தக் குளிரில் நீந்திக் கரையேறியவர் ஒருவர்,
இடுப்பில் கட்டிய மிதவையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
அவளே போய்க் கேட்டாள்.
"கோடையில் வந்து பார்.
இப்போ நீ நிற்கிற இடத்தில் நான் நீந்துவேன்.
செருப்பை அதோ, அங்கே விட்டிருப்பேன்."
எங்கள் தலைக்கு மேலே இருந்த படிகளைக் காட்டினார்.
நீருக்குள்ளும் படிகள் இறங்கிப் போவது தெரிந்தது.
"சரி" என்றாள் ரோங்ரோங்,
கணக்கு முடிந்தவள் மாதிரி.

இரவுப் படகுக்கு எடுத்த ஐந்து டிக்கெட்டும் வீண்.
ஆரஞ்சு தின்றபடி இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.
திரும்ப ஏறுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நேற்று ரயிலேற்றிவிட்டு வந்தேன்.
செருப்பு அலமாரியில் ஒரு கூழாங்கல்.
ஆற்றில் பச்சையாய் இருந்திருக்கும், காய்ந்து சாம்பலாகிவிட்டது.
திருப்பினேன். அடியில் பேனாவால் ஒரு பூஜ்யம்.

இன்று காலை லிஃப்டில்
"எந்த மாடி?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
எட்டு என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.
அங்கேதான் என் சாலை.
கல், கோட்டுப் பையில்.